இன்வாய்ஸ் அனுப்புகிறவருக்கு எந்த விசா?

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு 35 வயது. சொந்த ஊர் சேலம் பக்கம். பாலிடெக்னிக்கில் மூன்று வருட எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தேன். பி.இ. சேர வீட்டில் வசதி இல்லை. பதினான்கு வருடமாக பெங்களூரில் இருக்கிறேன். முதல் பத்து வருடம் கம்பெனி வேலை. கடந்த நான்கு வருடமாக பெர்லினில் உள்ள ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்கு கான்ட்ராக்டராக டெவ்ஆப்ஸ் வேலை (சர்வர், கிளவுட் பராமரிப்பு) பார்க்கிறேன். மாதம் 4,500 யூரோவுக்கு இன்வாய்ஸ் அனுப்புவேன். தினமும் அவர்களோடு மீட்டிங் உண்டு. லேப்டாப்கூட அவர்கள் அனுப்பியதுதான். இப்போது "நேரில் வந்துவிடுங்கள், கான்ட்ராக்ட் அப்படியே தொடரட்டும், முதலில் பிசினஸ் விசாவில் மூன்று மாதம் வந்து பாருங்கள்" என்கிறார்கள். இங்கே ஓர் ஏஜென்ட், ஜெர்மன் ஃப்ரீலான்ஸ் விசா கேரண்டி என்று மூன்றரை லட்சம் கேட்கிறார். மனைவி துபாய் போதும் என்கிறாள். நண்பன் போர்ச்சுகல் என்கிறான். டிகிரி இல்லாத எனக்கு எது சரிப்படும்? மனைவியும் வேலைக்குப் போகிறவள். ஆறு வயதில் மகள் இருக்கிறாள்.
வாசகர் ஒருவர், எலக்ட்ரானிக் சிட்டி, பெங்களூரு

பதில்:

ஏஜென்ட்டுக்கு இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை என்று நம்புகிறேன். கொடுத்துவிட்டீர்கள் என்றால் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நீங்கள் கேட்டது மூன்று நாடுகளையும் இரண்டு விசாக்களையும் பற்றி. நான் சொல்லப்போவது ஒன்றுதான்: பெர்லின் கம்பெனியிடம் கான்ட்ராக்டைத் தொடரச் சொல்லாதீர்கள், வேலை ஒப்பந்தம் கேளுங்கள். சம்பளம், விடுப்பு, நோட்டீஸ் காலம் எல்லாம் எழுதிய சாதாரண வேலை ஒப்பந்தம். அது கிடைத்தால் டிகிரி இல்லாமலேயே உங்களுக்கு ஒரு நல்ல வழி திறந்திருக்கிறது. கிடைக்காவிட்டால் மற்றதைப் பற்றி யோசிக்கலாம்.

ஏன் என்று சொல்கிறேன். பெங்களூரில் உட்கார்ந்து பெர்லினுக்கு இன்வாய்ஸ் அனுப்பும் வரை நீங்கள் யார் என்று ஜெர்மனிக்குக் கவலையில்லை. வேலை நடப்பது இந்தியாவில், வரி கட்டுவதும் இங்கே. விமானம் ஏறி அங்கே இறங்கி அதே லேப்டாப்பைத் திறந்த நிமிடத்தில் கதை மாறிவிடுகிறது. அந்த நாட்டுச் சட்டம் இரண்டே வகை ஆட்களைத்தான் பார்க்கும். ஒன்று, சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர். இரண்டு, சொந்தமாகத் தொழில் செய்பவர். கான்ட்ராக்டர் என்று நாம் இங்கே சொல்கிற ஆள், பேருக்கு இரண்டாவது வகை, நடப்பில் முதல் வகை. உங்கள் கடிதமே அதற்குச் சாட்சி. நான்கு வருடம், ஒரே கிளையன்ட், மாதாமாதம் ஒரே தொகை, தினமும் மீட்டிங், அவர்களுடைய லேப்டாப். இதை ஜெர்மனியில் போலிச் சுயதொழில் என்பார்கள். அங்குள்ள ஓய்வூதியக் காப்பீட்டு அமைப்பு இதைக் கண்டுபிடித்தால், உங்களை ஊழியராகவே கணக்கிட்டு, கட்டாமல் விட்ட சமூகக் காப்பீட்டுத் தொகையைக் கம்பெனியிடம் கேட்கும். பொதுவாக நான்கு வருடம் வரை பின்னோக்கிப் போவார்கள். தெரிந்தே செய்தது என்றால் முப்பது வருடம். உங்கள் கிளையன்ட்டின் வக்கீலுக்கு இது தெரியும். உங்களோடு தினமும் பேசுகிற டீம் லீடருக்குத் தெரிந்திருக்காது. "அப்படியே தொடரட்டும்" என்று சொன்னது டீம் லீடராகத்தான் இருக்கும்.

பிசினஸ் விசா விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஷெங்கன் (ஜெர்மனியும் சேர்ந்த, ஒரே விசாவில் போய்வரும் ஐரோப்பிய நாடுகள்) பிசினஸ் விசா மீட்டிங்குக்கு, கண்காட்சிக்கு, ஒப்பந்தம் பேசுவதற்கு. 180 நாளில் 90 நாள் இருக்கலாம் என்பது தங்குவதற்கான கணக்கு. அந்த 90 நாளும் அவர்கள் ஆபீஸில் உட்கார்ந்து சர்வரைப் பார்த்துக்கொள்ள அதில் அனுமதி இல்லை. "லேப்டாப்தானே, யாருக்குத் தெரியும்" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் முகமும் கைரேகையும் எடுத்து, உள்ளே வந்த நாள், வெளியே போன நாள் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். பாஸ்போர்ட் முத்திரையை எண்ணிப் பார்த்த காலம் முடிந்தது.

நான் விசா ஆலோசனைத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவருக்கு பிசினஸ் விசாவுக்கு உதவி செய்தேன். மனிதர் ரொம்ப நேர்மையானவர். ஐரோப்பிய விமான நிலையத்தில் அதிகாரி "எதற்கு வந்தீர்கள்" என்று கேட்டதும், "கிளையன்ட்டிடம் மூன்று மாதம் வேலை செய்ய" என்று சொல்லிவிட்டார். அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பினார்கள். அவர் சொன்னதில் தப்பில்லை, உண்மையைத்தான் சொன்னார். அந்த விசாவில் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று நான்தான் அவருக்கு விளக்கவில்லை. தூதரகம் விசா கொடுத்துவிட்டதே, போதும் என்று நினைத்துவிட்டேன். அன்றிலிருந்து பிசினஸ் விசா கேட்டு வருபவரிடம் நான் முதலில் கேட்பது, "அங்கே போய் காலை ஒன்பது மணிக்கு என்ன செய்வீர்கள்?" நீங்களும் இதற்குப் பதில் சொல்லிப் பாருங்கள். ஒரு வாரம் போய் டீமைச் சந்தித்து, சம்பளம் பேசி, வீட்டு வாடகை நிலவரம் விசாரித்துவிட்டு வருகிறேன் என்றால் தாராளமாகப் போய் வாருங்கள்.

அடுத்து ஏஜென்ட் சொல்லும் ஃப்ரீலான்ஸ் விசா. அப்படி ஒன்று நிஜமாகவே இருக்கிறது, அவர் கதை விடவில்லை. ஜெர்மன் குடியிருப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு. ஆனால் அதில் இரண்டு அறை. மருத்துவர், வக்கீல், பொறியாளர், பத்திரிகையாளர், ஓவியர் போன்றவர்களுக்கு ஒன்று. மற்ற வியாபாரம் செய்பவர்களுக்கு இன்னொன்று. முதல் அறை சுலபம். இரண்டாவதில் உங்கள் தொழிலால் அந்த ஊருக்கு என்ன பொருளாதார நன்மை என்று காட்ட வேண்டும், முதலீடு எங்கிருந்து வருகிறது என்று காட்ட வேண்டும். கம்ப்யூட்டர்காரர்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்கள். பொறியியல் பட்டம் இருந்தால் முதல் அறைக்குள் போவது எளிது. டிப்ளமோ என்றால், பட்டதாரிக்குச் சமமான அறிவு உங்களுக்கு உண்டு என்று வேலைகளைக் காட்டி நிரூபிக்க வேண்டும். முடியாது என்று சொல்லவில்லை, ஆனால் "கேரண்டி" என்ற சொல்லுக்கு அங்கே இடமே இல்லை. அதோடு அந்த விசாவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஜெர்மன் கிளையன்ட்கள் வேலை தரத் தயார் என்று எழுதிய கடிதங்களை எதிர்பார்ப்பார்கள். உங்களிடம் இருப்பது ஒரே கிளையன்ட். ஏஜென்ட் இதைக் கேட்டாரா? கேட்டிருந்தால் நீங்கள் கடிதத்தில் எழுதியிருப்பீர்கள்.

ஏஜென்ட்டைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. வெளிநாட்டில் வேலை வாங்கித் தருகிறேன் என்று சொல்பவர் நம் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணை அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் நீங்களே சரிபார்க்கலாம். பதிவு பெற்றவர்கூட சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். "நாங்கள் வேலை வாங்கித் தரவில்லை, விசா ஆலோசனை மட்டும்" என்று சொல்பவருக்கு இந்த வரம்பு பொருந்தாது. அதனால்தான் இந்தியில் தொடங்கி தமிழில் முடியும் போன் அழைப்புகள் எல்லாம் ஆலோசனை என்றே பேசும். நானும் ஆலோசனைக்குக் கட்டணம் வாங்குகிறவள்தான், ஒத்துக்கொள்கிறேன். விசா தருவது தூதரகம். அதை நான் விற்க முடியாது, அவரும் விற்க முடியாது.

சரி, திறந்திருக்கிற வழிக்கு வருவோம். பெயர் ஐரோப்பிய யூனியன் புளூ கார்டு, அங்கே தங்கி வேலை செய்வதற்கான அனுமதி அட்டை. டிகிரி உள்ளவர்களுக்கான அட்டை என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2023 நவம்பரில் ஜெர்மனி சட்டத்தை மாற்றியது. ஐடி வேலைக்கு மட்டும், கடந்த ஏழு வருடத்தில் குறைந்தது மூன்று வருடம் பட்டதாரி நிலையிலான வேலை அனுபவம் இருந்தால் பட்டம் தேவையில்லை. பாலிடெக்னிக் முடித்துவிட்டு பத்து, பதினைந்து வருடம் சர்வரோடு போராடிய நம் ஊர்ப் பையன்களுக்கென்றே எழுதியது மாதிரி இருக்கும். சம்பளம் 2026இல் வருடத்துக்கு 45,934 யூரோ 20 சென்டுக்குக் குறையக் கூடாது. ஓய்வூதியக் காப்பீட்டு உச்சவரம்போடு இந்தத் தொகை கட்டப்பட்டிருக்கிறது, ஆகவே ஒவ்வொரு ஜனவரியிலும் மாறும். ஒப்பந்தம் குறைந்தது ஆறு மாதத்துக்காவது இருக்க வேண்டும்.

உங்கள் 4,500ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 54,000. வரம்பைத் தாண்டிவிட்டது. இங்கேதான் அவசரப்படக் கூடாது. பட்டம் இல்லாதவர் விஷயத்தில் ஜெர்மன் வேலைவாய்ப்பு முகமையின் ஒப்புதலும் வேண்டும். அவர்கள் வரம்பை மட்டும் பார்க்க மாட்டார்கள். பெர்லினில் அதே வேலைக்கு, அதே அனுபவத்துக்கு உள்ளூர்க்காரர் என்ன வாங்குகிறார் என்று ஒப்பிடுவார்கள். பதினான்கு வருட அனுபவம் உள்ளவருக்கு 54,000 குறைவு என்று அவர்கள் நினைக்க வாய்ப்பு உண்டு. அதையே பேரம் பேசும்போது சொல்லுங்கள். இன்னொரு கணக்கும் உண்டு. இப்போது உங்களுக்கு வரும் 4,500இல் நீங்கள் இந்திய வரி கட்டுகிறீர்கள், அதுவும் குறைந்த லாபக் கணக்கில். அங்கே வரியும் காப்பீடும் பிடித்தது போக மூன்றில் இரண்டு பங்கை ஒட்டித்தான் கைக்கு வரும். பெர்லின் வாடகையை விசாரித்துவிட்டுத் தொகை சொல்லுங்கள். கம்பெனிக்கும் உங்கள் சம்பளத்துக்கு மேல் சுமார் ஐந்தில் ஒரு பங்கு காப்பீட்டுச் செலவு விழும். அவர்கள் கான்ட்ராக்டைப் பிடித்துக்கொண்டு தொங்குவதற்கு இதுவும் காரணம். ஆனால் கான்ட்ராக்டிலேயே உங்களை அங்கே வேலை வாங்கினால் பின்னால் காப்பீட்டுப் பாக்கி எவ்வளவு வரும் என்று அவர்கள் வக்கீலே சொல்லிக்கொள்ளட்டும், நீங்கள் மிரட்டுவது போல ஆகிவிட வேண்டாம்.

சில கம்பெனிகள் நடுவழி ஒன்று சொல்லும்: "நாங்கள் நேரடியாக எடுக்கவில்லை. மூன்றாவது கம்பெனி ஒன்று உங்களைத் தன் சம்பளப் பட்டியலில் வைத்துக்கொள்ளும். வேலை எங்களுக்குச் செய்யுங்கள்." மற்ற நாடுகளில் இது பல இடத்தில் ஓடுகிறது. ஜெர்மனியில் இது ஆளை வாடகைக்கு விடும் ஏற்பாடாகப் பார்க்கப்படும். ஐரோப்பிய யூனியனுக்கு வெளியே இருந்து வருபவர் இப்படி வாடகை ஆளாக வேலை செய்ய ஒப்புதல் மறுக்க வேண்டும் என்று குடியிருப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவிலேயே இருக்கிறது. இந்த யோசனையோடு யாராவது வந்தால் கும்பிடு போட்டுவிடுங்கள்.

மனைவிக்கு ஜெர்மன் தெரியாது என்று தயங்க வேண்டாம். புளூ கார்டு வைத்திருப்பவரின் கணவனோ மனைவியோ முன்கூட்டியே மொழித் தேர்வு எழுத வேண்டியதில்லை. வந்ததும் எந்த வேலைக்கும் போகலாம். 27 மாதம் வேலை செய்து ஏ1 என்ற ஆரம்ப நிலை ஜெர்மன் இருந்தால் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம். பி1 என்ற இடைநிலை தேறிவிட்டால் 21 மாதமே போதும். மகளுக்கு அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லை, அரசு தரும் குழந்தைத் தொகை 2026இல் மாதம் 259 யூரோ. துபாய் வேண்டும் என்கிற உங்கள் மனைவியிடம் இந்தப் பத்தியை மட்டும் தனியாக வாசித்துக் காட்டுங்கள்.

இனி காகிதம். உங்கள் கேஸ் ஜெயிப்பதும் தோற்பதும் இதில்தான். கம்பெனியில் பத்து வருடம் இருந்ததற்கு ரிலீவிங் லெட்டர் இருக்கும். ஆனால் ஏழு வருடக் கணக்கில் பாதிக்கு மேல் நீங்கள் கான்ட்ராக்டர். சட்டம் கேட்பது அனுபவத்தை. அந்த அனுபவம் சம்பளச் சீட்டோடு வந்ததாக இருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. ஆனால் அதை எதைக் காட்டி நிரூபிப்பீர்கள்? நான் பார்த்த இன்வாய்ஸ்களில் பத்துக்கு ஒன்பதில் ஒரே வரிதான் இருக்கும்: "சாஃப்ட்வேர் சேவை, ஏப்ரல் மாதம்." அதை வைத்து நீங்கள் கிளவுட் கட்டமைப்பை வடிவமைத்தீர்களா, மெயில் பாஸ்வேர்டு மாற்றிக் கொடுத்தீர்களா என்று யாரும் சொல்ல முடியாது. இந்த மாதத்திலிருந்து இன்வாய்ஸோடு ஒரு பக்க வேலை விவரம் சேர்த்து அனுப்புங்கள். பழைய நான்கு வருடத்துக்குக் கிளையன்ட்டிடம் கடிதம் வாங்குங்கள். எந்தத் தேதி முதல், வாரம் எத்தனை மணி நேரம், என்னென்ன பொறுப்பு, எந்த முடிவுகளை நீங்களே எடுத்தீர்கள், யாரையாவது வழிநடத்தினீர்களா. நல்லவர், வல்லவர் என்ற பாராட்டு ஒரு வரி போதும்.

இன்வாய்ஸ், வங்கியில் அந்நியச் செலாவணி வந்ததற்கான சான்று, வருமான வரிக் கணக்கு மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். இங்கே நம் ஆட்கள் எல்லாரும் தடுக்கி விழும் ஒரு பள்ளம் இருக்கிறது. வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவில் (2026 ஏப்ரல் முதல் புதிய சட்டத்தில் இதற்கு வேறு எண்), வரவு 75 லட்சத்துக்குள், ரொக்கம் ஐந்து சதவீதத்துக்குள் என்றால் பாதியை மட்டும் லாபமாகக் காட்டி வரி கட்டலாம். சட்டப்படி முழுக்கச் சரி. ஆனால் வெளிநாட்டு அதிகாரி பார்க்கும்போது உங்கள் வங்கியில் வருடம் 54,000 யூரோ வந்திருக்கிறது, வரிக் கணக்கில் வருமானம் 27,000 என்று இருக்கிறது. "எது பொய்?" என்றுதான் தோன்றும். புளூ கார்டுக்குப் பழைய வருமானத்தை அவ்வளவாகப் பார்க்க மாட்டார்கள், பிழைத்தீர்கள். வருமானத்தைக் காட்டி வாங்கும் விசா எதுவானாலும் ஆடிட்டரிடம் ஒரு பக்க விளக்கக் கடிதம் வாங்கி மேலே வையுங்கள். உங்கள் வரவு இருபது லட்சத்தைத் தாண்டுவதால் ஜிஎஸ்டி பதிவும், ஏற்றுமதிக்கான உறுதிப் பத்திரமும் இருக்க வேண்டும். இல்லை என்றால் விசாவுக்கு முன்னால் ஆடிட்டரைப் பாருங்கள்.

அப்புறம் பெயர். தமிழர்களுக்கென்றே உள்ள தலைவலி இது. டிப்ளமோவில் முன்னால் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாகப் பின்னால், ஆதாரில் இனிஷியல் கடைசியில், மனைவி பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலி. நமக்கு எல்லாம் ஒரே ஆள்தான். ஜெர்மன் அலுவலருக்கு மூன்று ஆள். குடும்பத்தில் மூன்று பேர் பாஸ்போர்ட்டிலும் பெயரும் குடும்பப் பெயரும் தனித்தனியாக இருக்கும்படி முதலில் திருத்திக்கொள்ளுங்கள். விண்ணப்பம் போட்ட பிறகு பாஸ்போர்ட் மாற்றினால் எல்லாம் முதலிலிருந்து. துபாய் பக்கமும் இதே தொல்லை: குடும்பப் பெயர் இல்லாத ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா தருவதை 2022 நவம்பரில் அமீரகம் நிறுத்தியது.

திருமணம் கோயிலிலோ மண்டபத்திலோ நடந்திருக்கும், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தீர்களா? மகளின் பிறப்புச் சான்றிதழில் அவள் பெயர் இருக்கிறதா, "பெண் குழந்தை" என்று மட்டும் இருக்கிறதா? போய் எடுத்துப் பாருங்கள். இந்தச் சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் (வெளிநாட்டில் காட்டுவதற்கான அரசு அத்தாட்சி) முத்திரை குத்தித் தருகிறோம் என்று கடைகள் தொங்கவிட்டிருக்கும் பலகைகளைப் பார்த்து ஓடாதீர்கள். இந்தியாவின் அப்போஸ்டிலை ஜெர்மனி ஏற்பதில்லை. சந்தேகம் வந்தால் தூதரகம் தன் வழியில் சரிபார்த்துக்கொள்ளும். ஏஜென்ட்டின் மூன்றரை லட்சத்தில் அப்போஸ்டில் செலவு என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள், ஒரு ஆர்வத்தில்தான் கேட்கிறேன்.

எந்தத் தூதரகம் என்பது நீங்கள் வசிக்கும் இடத்தைப் பொறுத்தது. கர்நாடகத்தில் வசிப்பவர் பெங்களூரிலும் தமிழ்நாட்டில் வசிப்பவர் சென்னையிலும் விண்ணப்பிக்க வேண்டும். எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை, வீடு மட்டும் வாடகை குறைவு என்று ஓசூரில் என்று இருக்கிற ஆயிரக்கணக்கானவர்கள் சென்னைக் கணக்கில் வருவார்கள். அத்திப்பள்ளிச் சுங்கச்சாவடிக்கு எந்தப் பக்கம் தூங்குகிறோம் என்பதுதான் கேள்வி. உங்கள் பாஸ்போர்ட்டில் சேலம் முகவரி இருந்தால், பெங்களூரில் வசிப்பதற்கு வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது போன்றவற்றைச் சேர்த்து வையுங்கள். பதினொரு மாத ஒப்பந்தம் காலாவதியாகி, வீட்டுக்காரரோடு வாய்வார்த்தையில் ஓடிக்கொண்டிருந்தால் புதுப்பித்துக்கொள்ளுங்கள். 2025 ஜனவரியிலிருந்து ஜெர்மன் வேலை விசாவுக்கான விண்ணப்பத்தை ஆன்லைனிலேயே ஏற்றலாம். கட்டணம் 75 யூரோ. உங்கள் கம்பெனி அவசரப்பட்டால், பெர்லினில் உள்ள வெளிநாட்டினர் அலுவலகத்தில் 411 யூரோ கட்டி விரைவு நடைமுறையைத் தொடங்கலாம். அதை ஆரம்பிக்க வேண்டியது கம்பெனி, நீங்கள் அதிகாரம் கொடுத்தால் போதும்.

இனி உங்கள் வீட்டார் யோசனைகள். துபாய். அமீரகத்தில் வெளிநாட்டுக்கு வேலை செய்துகொண்டே தங்கும் ஒரு வருட விசா இருக்கிறது. மாத வருமானம் 3,500 டாலர் காட்ட வேண்டும், உங்களால் முடியும். ஐந்து வருட கிரீன் விசா சுயதொழில் செய்பவர்களுக்கு உண்டு, அதற்குக் கடந்த இரண்டு வருட வருமானம் 3,60,000 திர்ஹாம் என்ற வரம்பு. 44ஏடிஏ சமாச்சாரம் இங்கே கடிக்கும். மனைவி சொல்வதில் நியாயம் இருக்கிறது: மூன்றரை, நான்கு மணி நேரத்தில் ஊர் வந்துவிடலாம், இட்லி மாவு தெருமுனையில் கிடைக்கும். ஆனால் பெர்லின் கம்பெனி உங்களை நேரில் வரச் சொல்கிறது. துபாயில் இருந்து செய்வதைப் பெங்களூரில் இருந்தே செய்யலாமே.

போர்ச்சுகலும் அப்படித்தான். வெளிநாட்டுக்கு வேலை செய்துகொண்டே அங்கே தங்கும் டி8 விசாவுக்கு அந்த நாட்டுக் குறைந்தபட்சச் சம்பளத்தைப் போல நான்கு மடங்கு வருமானம் வேண்டும், 2026இல் மாதம் 3,680 யூரோ. வருமான அளவில் நீங்கள் தேறிவிடுவீர்கள். ஆனால் அது லிஸ்பனில் உட்கார்ந்து வேலை செய்வதற்கான அனுமதி. ஷெங்கனுக்குள் சுற்றலாம் என்பதால் பெர்லினில் போய் வேலை செய்யலாம் என்று உங்கள் நண்பர் நினைத்திருந்தால், அவர் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகக் கட்டிவிட்டார்.

நீங்கள் கேட்காத நாடுகளையும் ஓரிரு வரியில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்த கடிதம் வரும். நெதர்லாந்தில் சுயதொழில்காரருக்குப் புள்ளிக் கணக்கு கடினம். அங்கும் 2025 ஜனவரியிலிருந்து போலிச் சுயதொழிலை வரித்துறை பிடிக்கத் தொடங்கிவிட்டது. பிரிட்டனில் லைசென்ஸ் வாங்கிய முதலாளி ஸ்பான்சர் செய்ய வேண்டும், 2025 ஜூலையிலிருந்து பொதுவான சம்பள வரம்பு வருடம் 41,700 பவுண்ட், அதற்கு மேல் பெரியவர் ஒருவருக்கு வருடம் 1,035 பவுண்ட் மருத்துவக் கட்டணம் முன்கூட்டியே. சிங்கப்பூர் எம்ப்ளாய்மென்ட் பாஸில் ஃப்ரீலான்ஸ் கிடையாது, மனைவி வேலைக்குப் போக அவருக்குத் தனி அனுமதி வேண்டும். அமெரிக்கா: வெளிநாட்டில் இருப்பவருக்குப் புதிய எச்-1பி விண்ணப்பம் போடும் முதலாளி ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று 2025 செப்டம்பரில் உத்தரவு வந்தது. அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

கனடாவை மட்டும் ஒரு மூலையில் வைத்திருங்கள். வேலை இல்லாமலே புள்ளி அடிப்படையில் நிரந்தரக் குடியிருப்பு கேட்கலாம், கனடாவுக்கு வெளியே செய்த சுயதொழில் அனுபவமும் கணக்கில் வரும். ஆனால் "நான் இந்த வேலை செய்தேன்" என்று நீங்களே எழுதிக் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரத்தை ஏற்க மாட்டார்கள். சேவை வாங்கியவர் எழுதிய கடிதமும், பணம் வந்த விவரமும் வேண்டும். பெர்லினுக்காக நீங்கள் வாங்கப்போகும் அதே கடிதம் இங்கேயும் உதவும். டிப்ளமோவுக்குப் புள்ளி குறைவு, 35 வயதில் வயதுப் புள்ளியும் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கரைந்துகொண்டிருக்கிறது. ஆகவே இது முதல் திட்டம் கிடையாது.

போகும் தேதியையும் யோசித்து வையுங்கள். ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்துவிட்டால் அந்த வருடம் முழுக்க நீங்கள் இந்தியாவில் வசிப்பவர், ஜெர்மன் சம்பளத்தையும் இங்கே கணக்குக் காட்ட வேண்டும். வேலைக்காகக் கிளம்புகிறவர் செப்டம்பர் கடைசி வாரத்துக்கு முன் விமானம் ஏறிவிட்டால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது. மகளின் பள்ளி ஆண்டோடு இது ஒத்துவராது என்று தெரியும். நீங்கள் முதலில் போய் வீடு பிடித்துவிட்டு, அவர்கள் பின்னால் வருவதுதான் பல குடும்பங்களில் நடக்கிறது. இங்குள்ள சேமிப்புக் கணக்கைக் கிளம்பிய பின் என்ஆர்ஓ (வெளிநாட்டில் வசிக்கும் இந்தியருக்கான) கணக்காக மாற்றச் சொல்லி வங்கிக்கு எழுதிக் கொடுக்க மறக்காதீர்கள்.

இந்த வாரமே கம்பெனிக்கு ஒரு மெயில் போடுங்கள், டீம் லீடருக்கு இல்லை, மனிதவளத் துறைக்கு. "பெர்லினுக்கு வர விருப்பம். ஐடி அனுபவ அடிப்படையில் புளூ கார்டுக்கு எனக்குத் தகுதி இருக்கிறது. நேரடி வேலை ஒப்பந்தம் தர முடியுமா, விரைவு நடைமுறையைத் தொடங்க முடியுமா" என்று மூன்றே வரி. சம்மதம் என்றால் அவர்கள் வேலைவாய்ப்பு விவரப் படிவம் ஒன்றை நிரப்பி அனுப்புவார்கள். அதில் பணியின் தன்மை என்று ஒரு கட்டம் இருக்கும். மனிதவளத் துறைக்காரர்கள் அதில் "ஐடி சப்போர்ட்" என்று போட்டுத் தள்ளிவிடுவது வழக்கம். அதைக் கையெழுத்தாகும் முன் நீங்கள் ஒருமுறை பார்த்து, உங்கள் அனுபவக் கடிதத்தில் இருக்கும் அதே சொற்களில் எழுதச் சொல்லுங்கள்.